கோடு வரைக்கும்

அறுபத்திரண்டு பேர் டப்பாவில் பெய்து கொடுத்தார்கள். பதினாறு நாள் கழித்து சாயப்பட்டறை நர்ஸ் இரண்டு பேருக்கு மட்டும் ஆள் அனுப்பினார்.

ஒருவன் தராசு. சாயப்பொடி நிறுக்கும் அறையில் இருபத்தாறு வருடமாக நிற்பவன். பெற்ற தாயே வந்து கேட்டாலும் அரை கிராம் கூடுதலாகத் தரமாட்டான் என்பதால் வந்த பெயர். இன்னொருவன் ஒட்டகம். தொட்டிக்காரன். துணி சாயத்தில் இறங்கினால் வெளியே வரும்வரை ஆறு மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரமாட்டான். நகர்ந்தால் நிறம் திரிந்துவிடும். கழிப்பறையோ முற்றத்தைத் தாண்டி, கொதிகலன் அறைக்குப் பின்னால். அதனால் தண்ணீர் குடிப்பதே இல்லை. தொட்டிக்காரர்கள் எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான். ஆனால் இவன் அதை வாங்கிய பதக்கம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிவான். "காலையில வீட்டுல விட்டது. இனி சாயங்காலம் வீட்டுலதான்." தராசின் தங்கையைக் கட்டியவன் இவன்.

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றார் நர்ஸ்.

"நின்னுக்கறோம் நர்ஸம்மா. தொட்டி ஓடுது."

"தொட்டி கிடக்கட்டும். உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். நர்ஸ் இரண்டு தாள்களை மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு பேர் யூரின்லயும் சந்தேகப்படற மாதிரி வந்திருக்கு. இது முடிவு இல்ல, அதை முதல்ல புரிஞ்சுக்குங்க. மூத்திரப்பையில கட்டி ஏதாவது இருந்தா அதோட தடயம் யூரின்ல கலந்து வரும். அதைத்தான் லேப்ல தேடறாங்க. ஊசி இல்ல, குழாய் இல்ல, அதனால அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல பார்க்க முடியுது. சாயத்துல வேலை பார்க்கறவங்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பு அதிகம்கறதாலதான் பார்க்கறோம். ஆனா இதுல வந்துட்டா, நிஜமாவே இருக்கா இல்லையான்னு ஸ்கோப் விட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

"ஸ்கோப்னா?"

"நுனியில கேமரா வெச்ச மெல்லிசு குழாய்."

"எது வழியா விடுவாங்க?"

நர்ஸ் கண்ணால் கீழே காட்டினார். ஒட்டகத்துக்குப் புரிந்தது. இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டான்.

"மரத்துப்போக மருந்து போடுவாங்க. மூணு வாரம் கழிச்சு வியாழக்கிழமை. ஒன்பது மணிக்கு ஒருத்தர், ஒன்பதரைக்கு ஒருத்தர்."

தராசு தாளைப் பார்க்கவில்லை. மேஜை ஓரத்தில் கழுவி அடுக்கியிருந்த காலி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு நீலக் கோடு. அந்தக் கோட்டை விட்டு அவன் கண் நகரவில்லை.

டப்பா கொடுத்த அன்று நடந்தது இது. சூப்பர்வைசர் காலையிலேயே எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, "கோடு வரைக்கும் வரணும். கம்மியா குடுத்தா திரும்பக் கூப்பிடுவாங்க, வேலை நடுவுல ஒருத்தனையும் விடமாட்டேன்" என்று கத்தினார். ஒட்டகம் தொட்டியை இரண்டு நிமிடம் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு ஓடி வந்தான். மறைப்புக்குள் போனான், வந்தான், டப்பாவைத் தட்டில் வைத்தான், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினான். அடுத்து நின்ற தராசு அந்த டப்பாவைப் பார்த்தான். அடியில் ஒரு விரற்கடை. கொதித்துக் கொதித்து வற்றிய டீ மாதிரி நிறம். இவன் கையிலோ விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது.

யோசிக்கவே இல்லை. திரும்பக் கூப்பிட்டால் அவன் தொட்டி கெடும், நானூறு மீட்டர் துணி பாழாகும், சூப்பர்வைசர் அவனை உரித்து உப்புத் தடவுவார். தங்கை புருஷன். மூடியைத் திருகினான், தன்னுடையதிலிருந்து கோடு வரை ஊற்றினான், மூடினான். தன் டப்பாவிலும் கோட்டுக்கு மேலேயே மிச்சம் இருந்தது. கையைக் கழுவிவிட்டுப் போய் வேலையைப் பார்த்தான். அன்று மத்தியானமே மறந்தும் போனான்.

இப்போது கணக்கு தன்னால் ஓடியது. அவன் டப்பாவில் ஒரு பங்கு அவனுடையது, மூன்று பங்கு என்னுடையது. ஒரு கிராம் கறுப்பு தவறி விழுந்தால் தொட்டி மஞ்சளும் போச்சு என்று புது ஆட்களிடம் தினமும் சொல்கிறவன் அவன்தான். இரண்டு தாளிலும் வந்திருப்பது ஒரே ஆளின் தடயமாக இருக்கலாம். அந்த ஆள் தான்தான்.

சொல்ல வாயைத் திறந்தான். மேஜைக்குக் கீழே ஒட்டகம் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். குளிர்ந்த, ஈரமான கை. இருபது வருடத்தில் அவன் இவனைத் தொட்டதே இல்லை.

"மச்சான், ஒண்ணாவே போயிடலாம். நீ முதல்ல போ, நான் பின்னாலயே வரேன்."

தராசு வாயை மூடிக்கொண்டான்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். மறுநாள் சாயங்காலம் ஒட்டகம் வீடு தேடி வந்துவிட்டான். தராசின் மனைவி மகளின் பிரசவத்துக்காகப் போயிருந்தாள். அவளிடம் இவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் ஒரு ஃபேன், ஒரு அடுப்பு, அவன் மட்டும். யாரோ ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் தராசு தனக்கு முன்வரிசை நாற்காலி கொடுக்கவில்லை என்று எட்டு வருடமாகப் புகைந்து, படியேறாமல் இருந்த மாப்பிள்ளை இப்போது பிஸ்கட் பாக்கெட்டோடு வாசலில் நின்றான்.

"தனியா இருந்தா கண்டதையும் யோசிப்பே. அதான் வந்தேன்."

"உனக்கு மட்டும் யோசனை வராதாக்கும்."

"எனக்கு வராம என்ன? நான் உன்னைப் பார்த்து யோசிக்கறேன், நீ என்னைப் பார்த்து யோசி. ஆளுக்குப் பாதி."

தினமும் வந்தான். பேச ஒன்றும் இருக்காது. தராசு எழுந்து ஜன்னலைத் திறப்பான், மூடுவான், கழிப்பறைக்குப் போவான், டம்ளரில் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பான். சிவப்பா, பழுப்பா, ஒன்றும் தெரியாது. "என்ன நிறம் மச்சான்?" என்று ஒட்டகம் வெளியிலிருந்து கேட்பான். "நம்பர் பதினாலு" என்பான் தராசு. அது வெளிர் மஞ்சள். "தேவலை. நம்ம ஆளுங்க நீலமா பேஞ்சாக்கூட ஆச்சரியமில்ல" என்பான் ஒட்டகம். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் சொல்லவில்லை. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஒட்டகம் கிளம்பிப் போனபின் வீடு அவன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவனும் என்னோடு வருகிறான் என்று நினைத்தால்தான் மூச்சு இறங்கும். அவன் எதற்காக வருகிறான் என்று நினைத்தால் திரும்ப அடைத்துக்கொள்ளும். வேலையில் ஒரே பொட்டலத்தை மூன்று தடவை நிறுத்தான். மூன்று தடவையும் சரியாகவே இருந்தது. நான்காவது தடவையும் நிறுத்தான்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒட்டகம் வரவில்லை. தராசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தான். சந்து முனையிலேயே கத்தல் கேட்டது.

"பிரேக்! பிரேக்கைப் பிடி! அது ஹாரன்!"

தங்கை ஸ்கூட்டரில் இருந்தாள். நாற்பத்தாறு வயதில், புடவையை இழுத்துச் செருகி, இரண்டு காலும் தரையில் தேய்ந்து வர. பின்னால் ஒட்டகம் கம்பியைப் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தான். வண்டி கோணலாகப் போய் நிறுத்தியிருந்த சரக்கு வேனில் முட்டிச் சாய்ந்தது. கண்ணாடி ஒன்று தெறித்து விழுந்தது. அவள் முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது.

"என்னடா இது?" என்றான் தராசு.

"பத்து வருஷமா கத்துக்குடுங்கன்னு கேட்டேன், மாட்டேன்னாரு" என்றாள் தங்கை, தரையிலேயே உட்கார்ந்தபடி. "இப்ப வேண்டாங்கறேன், விடமாட்டேங்கறாரு. நாளைக்கு நான் இல்லாட்டி கடைக்கு யாரு போவா, ஆஸ்பத்திரிக்கு யாரு போவான்னு காலையிலேருந்து உயிரை வாங்கறாரு. உயிரோட இருக்கும்போதே வண்டியை எனக்கு எழுதி வைக்கறாராம்."

ஒட்டகம் தரையில் குந்தினான். உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். பொறுக்கிய துண்டைச் சட்டைப்பையில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான்.

தராசு அவனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மாப்ள, உனக்கு ஒண்ணும் இல்லாம இருக்கலாம்."

"ம்."

"ம் போடாத, கேளு. அன்னிக்கு உன் டப்பா கம்மியா இருந்துச்சு. நான்தான் என்னோடதை ஊத்தி நிரப்பினேன். உன் டப்பாவுல வந்தது என்னோட யூரினா இருக்கும். எனக்குத்தான் இருக்கு. உனக்கு இல்லாமலும் இருக்கலாம்."

ஒட்டகம் அவனையே பார்த்தான். கண் கலங்கியது. தோளில் கை போட்டான்.

"மச்சான். என்னைத் தேத்தணும்னு இப்படி ஒரு கதையா? ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சியா?"

"கதை இல்லடா."

"எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்கறே பாரு. நான் உன்னை நாற்காலி விஷயத்துல தப்பா நினைச்சுட்டேன்." திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். "இங்க வா! உங்க அண்ணன் சொல்றதைக் கேளு. மனுஷன்னா இவருதான்."

"அட முட்டாப்பயலே! ஊத்தினேன்டா! இந்தக் கையால ஊத்தினேன்!"

"கத்தாதே. நான் கோடு வரைக்கும் நிரப்பித்தான் வெச்சேன்."

தங்கை நொண்டிக்கொண்டு வந்தாள். "எது வரைக்கும்?"

"டப்பாவுல கோடு இருக்கும். அது வரைக்கும்."

"நீங்களா? வேலை நடுவுலயா?" அவள் கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "காலையில வீட்டுலயே நாலு சொட்டுக்கு நாலு நிமிஷம் நிப்பீங்க. நீங்க ஒரு டப்பாவை நிரப்பினீங்களா?"

ஒட்டகம் குழாயடிக் கல்லைப் பார்த்தான். அடியில் கிடந்த அந்த ஒரு விரற்கடை இப்போது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகத்தில் முதலில் வந்தது வெட்கம். கோபம் அதற்கப்புறம்தான் வந்தது.

தங்கைக்குக் கோபம் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"அண்ணே, ரெண்டு பேருக்கும் வந்திருக்குன்னு நர்ஸ் சொன்னப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எட்டு நாளா?"

"ஆமா."

"எட்டு நாளா இந்த மனுஷன் தூங்கலை. நான் தூங்கலை. உன் வீட்டுக்கு வந்து பிஸ்கட் தின்னுட்டுப் போனாரு. நீ பார்த்துக்கிட்டு இருந்தே. ஏன்?"

வேலை போய்விடும் என்று பயந்தேன் எனலாம். நர்ஸ் அறைச் சுவரில், மாதிரியில் கலப்படம் செய்தால் நடவடிக்கை என்று எழுதித்தான் இருந்தது. நம்பியிருப்பார்கள்.

"தனியா இருக்கப் பயமா இருந்துச்சு" என்றான் தராசு.

ஒட்டகம் அவன் தோளிலிருந்து கையை எடுத்தான். சட்டையில் தேய்த்துக்கொண்டான். தங்கை போய் ஸ்கூட்டரை நிமிர்த்தினாள், ஏறினாள், சந்தின் கடைசி வரை ஒரே நேராக ஓட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் தராசு நர்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"எதுக்கு நிரப்பினீங்க?"

"கோடு வரைக்கும் வரலையே."

"அந்தக் கோடு டப்பா செய்யற கம்பெனிக்காரன் போட்டது! அதுல பாதி இருந்தாலே லேபுக்குத் தாராளம். கோடு வரைக்கும்னு யாரு சொன்னது?"

"சூப்பர்வைசர்."

"அவரு என்ன டாக்டரா?" நர்ஸ் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். "நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதா? உங்களுக்கு இருந்து அவருக்கு இல்லைன்னா, பயத்தோட போச்சு, வீணா ஒரு குழாய். சரி. மாத்தி யோசிச்சுப் பாருங்க. அவருக்கு இருந்து உங்களுக்கு இல்லாம இருந்திருந்தா? அவரோட ஒரு பங்கை நீங்க மூணு பங்கு ஊத்தி நீர்த்துப்போக வெச்சிருப்பீங்க. ஒண்ணும் இல்லைன்னு தாள் வந்திருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு ரத்தமா போகும்போதுதான் தெரிஞ்சிருக்கும்."

இது தராசுக்குத் தோன்றவே இல்லை. எட்டு நாளாகத் தலைக்குள் நூறு விதமாகப் புரட்டியும் தோன்றவில்லை. நிறுப்பவன், கலவை தெரிந்தவன். கறுப்பில் மஞ்சளைக் கொட்டினால் கறுப்பு வெளுக்கும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நர்ஸ் அறிக்கை எழுதினார். தராசு ஏழு வேலை நாள் வெளியே நிற்க வேண்டும் என்று மறுநாள் தாள் வந்தது. ஒட்டகத்தின் ஸ்கோப்பை நிறுத்தி வைத்தார்கள். அவனைப் புது டப்பா கொடுக்கச் சொன்னார்கள். தொட்டிக்கு வேறு ஆள் போட்டு, அவனை நர்ஸ் அறை வாசலில் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்க வைத்ததாகக் கேள்வி. அவன் மறைப்புக்குள் இருந்தபோது நர்ஸே வெளியே காவல் நின்றாராம். தராசு வேலைக்கு வெளியே இருந்ததால் இதெல்லாம் காதில் விழுந்தது மட்டும்தான்.

ஏழு நாளும் வீட்டில் நடந்தான். அடுப்பிலிருந்து வாசல் பன்னிரண்டு எட்டு. வாசலிலிருந்து கழிப்பறை ஒன்பது. டம்ளரில் பிடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டான். என்ன நிறம் என்று கேட்க ஆளில்லை. மனைவியைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டினாள், அழுதாள், சனிக்கிழமை வருகிறேன் என்றாள். ஸ்கோப் வியாழக்கிழமை.

புதன்கிழமை மத்தியானம் நர்ஸ் கூப்பிட்டார். "உங்க மாப்பிள்ளைக்கு ஒண்ணும் வரலை. எதுக்கும் ஆறு மாசத்துல இன்னொரு தடவை பார்ப்போம். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

போனை வைத்தபோது முதலில் வந்தது நிம்மதி அல்ல. அப்போ நான் மட்டும்தான் என்பதுதான் வந்தது. நிம்மதி அதற்குப் பின்னால் வந்தது, ஆனால் வந்தது. தங்கைக்கு போன் போட்டான். எடுக்கவில்லை.

வியாழக்கிழமை எட்டே காலுக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். நீளமான நடைக்கூடம், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், முடிவில் ஒரு கதவு. அந்தக் கதவைப் பார்க்காமல் இருக்க எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், எதிர்ச்சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைப் போய்ப் பார்த்தான், திரும்பி வந்தான்.

அப்போது ஒட்டகம் உள்ளே வந்தான். நெற்றியில் ஹெல்மெட் தடம். தராசைப் பார்த்தான். மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தான்.

"வேலை இல்லையா?" என்றான் தராசு.

"உன்கிட்ட பேச வரலை."

"பின்ன?"

"உன் தங்கச்சி வண்டியில கொண்டாந்து எறக்கி விட்டா. போய் உக்காருன்னா. உக்காந்திருக்கேன்."

"அவ வரலையா?"

"வண்டியை நிறுத்தத் தெரியலை. சுத்திக்கிட்டு இருக்கா."

ஒட்டகத்தின் கையில் ஒரு லிட்டர் பாட்டில் இருந்தது. மூடியைத் திருகி மடக் மடக்கென்று குடித்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போனான். வந்து மறுபடி குடித்தான். மறுபடி போனான். இருபது வருடத்துப் பெருமை அந்த நடைக்கூடத்தில் அரை மணி நேரத்தில் ஒழுகிப் போனது. தராசு பார்த்தும் பார்க்காதது போல இருந்தான்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. ஒரு பெண் வெளியே வந்து காலி டப்பா ஒன்றை நீட்டினாள்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யூரின் குடுத்துடுங்க. அங்க கடைசியில ரூம்."

தராசு டப்பாவை வாங்கினான். அதே மாதிரி டப்பா. அதே நீலக் கோடு. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். நின்றான். காலையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனவனுக்கு இப்போது ஒரு சொட்டு வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டான். நிமிடங்கள் போயின.

வெளியே செருப்புச் சத்தம் வந்து கதவருகில் நின்றது.

"என்ன, வரலையா?"

தராசு குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான்.

"என்கிட்ட நிறைய இருக்கு" என்றான் ஒட்டகம். "ஆனா தரமாட்டேன். நீயே பேஞ்சுட்டு வா. அதுவரைக்கும் இங்கதான் நிக்கறேன்."

தராசு குழாயை மூடினான். காத்திருந்தான். ரொம்ப நேரம் கழித்து, நாலைந்து சொட்டாக, டப்பாவின் அடியில் விழ ஆரம்பித்தது.